லிட்டர் கணக்கில் வாங்கிய மருந்தும் போகாத கறையானும்

ஐப்பசி முதல் மழைக்கு மறுநாள் காலை ஆறரை மணிக்குச் சத்திரத்துக் காவலாளி போன் செய்தார். "கூடம் பூராம் றெக்கையாக் கெடக்கு சார். முறத்துல அள்ளி வச்சிருக்கேன், வந்து பாருங்க." கறையான் தடுப்புப் பணி முடிந்து, ஐந்தாண்டு உத்தரவாதப் பத்திரம் வாங்கி, கடைசி பில்லும் போய் அப்போது ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. அந்தப் பணிக்கு மதிப்பீடு தயாரித்தவன் நான். ஆகவே முதல் தவறு யாருடையது என்று தேடிப் போக வேண்டியதில்லை.

கட்டடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ராமநாதபுரத்திலிருந்து பாம்பன் பக்கம் போகும் பழைய சேதுப் பாதையில், ராமேசுவரம் போகிறவர்கள் தங்குவதற்குச் சேதுபதிகள் காலத்தில் சத்திரங்கள் கட்டினார்கள். 1914இல் பாம்பன் ரயில் பாலம் திறந்ததும், நடந்தும் வண்டி கட்டியும் வந்து படகுக்குக் காத்துக்கிடந்த கூட்டம் ரயிலுக்குப் போய்விட்டது. சத்திரங்களுக்கு வேலை குறைந்தது. நான் சொல்வது அப்படி வேலை போன ஒன்று. ஊரும் துறையும் வேண்டாம். அரசுக்குச் சொந்தமானது, கடலிலிருந்து கூப்பிடு தூரம், அது போதும்.

சுவர் பவளக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். கூரை மெட்ராஸ் டெரஸ்: தேக்கு உத்தரம், அதன்மேல் குறுக்குச் சட்டம், அதன்மேல் சிறுசெங்கலைச் சாய்வாக நிறுத்திச் சுண்ணாம்பில் பதித்த தளம். கூடத்தில் மட்டும் 11 உத்தரங்கள். பின்கட்டில் பனங்கை போட்டு ஓடு வேய்ந்திருக்கிறது. இதில் ஒரு கல் போனாலும் மாற்றுக் கல் கிடையாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இலிருந்து தேசியப் பூங்கா. பவளம் பாதுகாக்கப்பட்ட உயிரினம். கடலிலிருந்து பவளக்கல் எடுத்து வந்து சுவரை ஒட்டுப்போட முடியாது, எடுக்கவும் கூடாது. மதிப்பீடு எழுதும்போதும் எனக்கு இது தெரியும். ஆனால் மதிப்பீட்டின் எந்த வரியிலும் அது இல்லை.

முதல் ஒப்பந்தம்

கதவு நிலையில் மண்கோடு ஏறியிருக்கிறது, கறையான் மருந்து அடிக்க வேண்டும் என்று கோப்பு வந்தது. அலுவலகத்தில் ஏற்கெனவே ஒரு மாதிரி இருந்தது, அலுவலர் குடியிருப்புக்குப் போட்ட மதிப்பீடு. அதில் கட்டடத்தின் பெயரை மாற்றினேன், நீள அகலத்தை மாற்றினேன். சத்திரத்தைச் சுற்றிப் பார்க்க அரை மணி நேரம். மதிப்பீடு எழுத அதைவிடக் குறைவு.

மாதிரியில் இருந்தது தவறான முறை அல்ல. ஏற்கெனவே எழுந்துவிட்ட கட்டடத்துக்குக் கறையான் தடுப்பு செய்ய ஐ.எஸ். 6313 என்ற இந்தியத் தரநிலையின் மூன்றாம் பாகம் இருக்கிறது. வெளிச்சுவரை ஒட்டி மண்ணில் மருந்து இறக்கச் சொல்லும். தரையும் சுவரும் சேரும் இடத்தில் 300 மில்லிமீட்டருக்கு ஒன்றாகத் துளையிட்டு, ஒரு துளைக்கு ஒரு லிட்டரைத் தாண்டாமல், துளை இனி ஏற்காது என்னும்வரை ஊற்றச் சொல்லும். அடித்தளச் சுவரிலும் இருபுறமும் சாய்வாகத் துளை வரும். கணக்குப் போட்டால் 20 மீட்டர் சுவருக்கு ஒரு பக்கத்துக்கு மட்டும் 66 துளைகள். செங்கல்லும் சிமென்ட்டும் கொண்ட குடியிருப்புக்கு இது சரி. பூசி வெள்ளையடித்தால் மறைந்துவிடும்.

நான் எடுத்த இன்னொரு முடிவுதான் மோசமானது. பணத்தை இரண்டு அளவில் பிரித்தேன்: எத்தனை துளை, எத்தனை லிட்டர் கரைசல். எம்.புக்கில், அதாவது செய்த வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகத்தில், ஏற்றுவதற்கு இரண்டும் வசதி. எண்ணலாம், அளக்கலாம், மேலே இருப்பவர் சரிபார்க்கலாம். கறையான் போனதா என்பதற்கு எம்.புக்கில் பத்தி கிடையாது.

குறைந்த விலைக்காரருக்குப் பணி போனது. மதிப்பீட்டில் பாதிக்குக் கொஞ்சம் மேலே கேட்டிருந்தார். நாலே நாளில் முடித்தார். அவரை நான் குறை சொல்லவில்லை, எழுதியதைத்தான் செய்தார். 20 சதவீதக் குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிமருந்து ஒரு லிட்டருக்கு 19 லிட்டர் தண்ணீர் கலந்து ஒரு சதவீதக் கரைசல், 12 மில்லிமீட்டர் துளை, கடைசியில் சிமென்ட் வைத்து அடைப்பு. எல்லாம் ஒப்பந்தப்படி.

சுவர் மட்டும் ஒப்பந்தப்படி நடக்கவில்லை. பவளக்கல் என்பது பாதி கல், பாதி பொந்து. "இனி ஏற்காது" என்ற நிலை வரவே இல்லை. ஊற்ற ஊற்றக் குடித்துக்கொண்டே இருந்தது. உள்ளே போன மருந்து சுவரில் நிற்காமல் அடியில் இருந்த கடற்கரை மணலுக்கு இறங்கியது. குளோர்பைரிபாஸ் மண்ணில் உள்ள மக்கோடு, அதாவது மக்கிப்போன இலைதழையோடு, ஒட்டிக்கொண்டு நிற்கும் சரக்கு. எங்கள் மணலில் மக்கு எங்கே இருக்கிறது? போதாதற்குச் சுண்ணாம்பு காரத்தன்மை கொண்டது, காரம் இருக்கும் இடத்தில் அந்த மருந்து சீக்கிரம் சிதையும். சுவரில் தங்கியதும் அதிக நாள் தங்கியிருக்காது.

அடுத்த வாரம் காவலாளி கிணற்றடிக்குக் கூட்டிப்போனார். வாளியை முகர்ந்து பார்க்கச் சொன்னார். மண்ணெண்ணெய் மாதிரி ஒரு வாடை. அவர் குடும்பம் குளிக்கவும் துவைக்கவும் அந்தத் தண்ணீரைத்தான் எடுத்துக்கொண்டிருந்தது. அன்றே கிணற்றை மூடினோம், லாரித் தண்ணீருக்கு ஏற்பாடு செய்தோம். தீவிலும் கரையிலும் நிலத்தடி நீர் ஆளுயரத்தில் கிடக்கிற இடத்தில், கிணறு எத்தனை மீட்டரில் இருக்கிறது என்று அளக்காமல் ஒரு மதிப்பீடு போயிருக்கிறது. இதை எழுதும்போது இப்போதும் கூசுகிறது.

மழை வந்தபிறகு சிமென்ட் அடைப்பைச் சுற்றி வட்ட வட்டமாக உப்புப் பூத்தது. சிமென்ட் தன்னோடு உப்பைக் கொண்டுவரும். சுண்ணாம்பைவிட இறுக்கமானது என்பதால், சுவரில் உள்ள ஈரம் அதன் வழியே வெளியேறாமல் சுற்றியுள்ள சுண்ணாம்பு வழியே வெளியேறும். காய்கிற இடத்தில் உப்பு படிகமாகிப் பூச்சைத் தள்ளும். வரிசை பிசகாமல் முழங்கால் உயரத்தில் 66 வட்டங்கள். அம்மைத் தழும்பு மாதிரி இருந்தது.

முறத்தில் இருந்த சிறகுகள்

ஈசல், அதாவது சிறகு முளைத்த கறையான், பறந்த அன்று ஒப்பந்தக்காரரையும் வரச் சொன்னேன். முறத்தைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "இது வெளியில இருந்து விளக்குக்கு வந்தது சார். கட்டடத்துக் கறையான் இல்ல." தப்பிக்கப் பார்க்கிறார் என்று நினைத்தேன். பிறகு விசாரித்தால் அவர் சொன்னதுதான் சரி. முதல் மழைக்குச் சுற்று வட்டாரப் புற்றில் இருந்தெல்லாம் ஈசல் கிளம்பும். இரவு முழுக்க எரிகிற விளக்கு இருந்தால் வந்து விழும். சிறகு கிடப்பதை மட்டும் வைத்துக் கட்டடத்தில் கறையான் என்று சொல்ல முடியாது.

ஆனால் சிறகைப் பெருக்கிய இடத்தில் காவலாளி வேறொன்றைக் காட்டினார். மூன்றாவது உத்தரத்துக்கு நேர் கீழே, கசகசாவைக் கொட்டியதுபோல் ஒரு சிறு குவியல். "இது தினம் விழுது சார், எப்பப் பெருக்குனாலும் மறுநாளு கெடக்கும்." எத்தனை நாளாக என்று கேட்டேன். "நீங்க மருந்து அடிக்க முன்னாடியே இருந்து." யாரும் அவரிடம் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

வேளாண் கல்லூரி ஒன்றில் பூச்சியியல் சொல்லித்தருகிற ஒருவரை அழைத்துவந்தோம். கையோடு ஒரு லென்ஸ், ஒரு டார்ச், ஒரு திருப்புளி, வேறெதுவும் இல்லை. நாள் முழுக்க இருந்தார். கசகசாவை லென்ஸில் காட்டினார், ஒவ்வொன்றும் ஆறு பட்டை போட்ட குருணை. அது உலர்மரக் கறையானின் எச்சம். மண்கோடு கட்டும் கறையானுக்கு மண்ணோடு தொடர்பும் ஈரமும் வேண்டும். உலர்மரக் கறையானுக்கு இரண்டும் வேண்டாம். மரத்துக்குள்ளேயே பிறந்து, மரத்தில் உள்ள கொஞ்ச ஈரத்திலேயே பிழைத்துக்கொள்ளும். கடற்கரைக் காற்றின் ஈரப்பதம் அதற்குத் தோது. ஆக, நாங்கள் தரையில் ஊற்றிய அத்தனை லிட்டரும் 14 அடி உயரத்தில் இருந்த பூச்சிக்குத் தெரியவே தெரியாது.

பின்கட்டில் ஒரு பலகையிலிருந்து மாவு கொட்டியது. அது மூன்றாவது ஆள், உளுப் பூச்சி. சில ஆண்டுகளுக்கு முன் பழுதுபார்த்தபோது யாரோ வெள்ளைப் பகுதியோடு அறுத்த நாட்டு மரத்தை வைத்திருக்கிறார்கள். வைரம் பாய்ந்த தேக்கைவிட்டு, அதற்குப் பக்கத்தில் இருந்த புது மரத்தைத்தான் அது தின்றிருக்கிறது. பனங்கைகளில் ஒரு கீறலும் இல்லை. கறுப்பு வைரம் ஏறிய பனையை எதுவும் தொடுவதில்லை என்று ஊரில் சொல்வது சும்மா இல்லை.

மண்கோடு எங்கே ஏறுகிறது என்று தேடினோம். சத்திரம் முழுக்க மூன்று இடம்தான். ஒன்று, கூரைத் தூம்பு உடைந்து சுவரை ஒட்டியே தண்ணீர் விழும் மூலை. இரண்டு, பிற்காலத்தில் ஒட்டுப்போட்ட கழிப்பறையின் கசிவுக் குழாய். மூன்று, பின்பக்கம் மண் கொட்டிச் சுவரின் அடித்தளம் மூடிப்போய், அதன்மேல் சீமைக்கருவேல விறகு அடுக்கியிருந்த இடம். மூன்றிலும் ஈரம். பூச்சியியல்காரர் சொன்னது: "இந்த மூணையும் சரி பண்ணுங்க. அப்புறமும் கறையான் வந்தா என்னைக் கூப்பிடுங்க."

உத்தரவாதப் பத்திரத்தை அன்றுதான் முழுதாகப் படித்தேன். ஐந்து ஆண்டுக்குள் கறையான் வந்தால் ஒப்பந்தக்காரர் இலவசமாக மறுபடி மருந்து ஊற்றுவார் என்று இருந்தது. அதே துளைகளில், அதே கிணற்றுக்கு. அந்த உத்தரவாதத்தை நாங்கள் பயன்படுத்திக்கொள்ளவில்லை.

பார்ப்பதற்குக் கூலி

இரண்டாவது ஒப்பந்தத்துக்கு முன்னால் ஒன்றைப் பிரித்தோம். தூம்பு, குழாய், மண் அகற்றல் ஆகிய மூன்றும் சிறு கட்டடப் பணியாகத் தனியே போனது. பழைய துளைகளின் சிமென்ட்டைக் கையாலேயே எடுத்துச் சுண்ணாம்புச் சாந்து வைப்பதும் அதில் சேர்ந்தது. பூச்சிக் கட்டுப்பாட்டுக்காரரிடம் இதையும் கொடுத்திருந்தால் அவர் தூம்பை மறந்து மருந்தைத்தான் நினைப்பார், அவர் தொழில் அது.

அடுத்தது எதை வாங்குகிறோம் என்ற கேள்வி. மருந்தை லிட்டரில் வாங்கினால் லிட்டர்தான் கிடைக்கும். எனவே அட்டவணையின் முதல் இனமாக "ஒருமுறை நேரடி ஆய்வு, அறிக்கையுடன்" என்று எழுதினேன். மூன்று மாதத்துக்கு ஒன்று, ஐப்பசி முதல் மார்கழி வரை மாதம் ஒன்று. ஒவ்வோர் உத்தரத்துக்கும் எண், ஒவ்வொரு கதவு நிலைக்கும் எண், வரைபடத்தில் குறி, படம். சிகிச்சை என்பது இரண்டாவது இனம். அதன் அளவு "ஓர் உத்தரம்" அல்லது "ஒரு நிலை". ஆய்வில் தெரிந்து நாங்கள் எழுத்தில் ஒப்புக்கொண்டால் மட்டுமே அது நடக்கும். மருந்துக்குத் தனி விலை கிடையாது.

கணக்குப் பிரிவிலிருந்து கோப்பு திரும்பி வந்தது. நேரில் போனேன். கண்காணிப்பாளர் நல்ல மனிதர், ஆனால் கேள்வி கறாராக இருந்தது. "பார்த்துட்டுப் போறதுக்கு எதுக்கு சார் காசு? ஆடிட்ல கேட்டா என்ன சொல்றது?" தரநிலை, பூச்சியியல், பவளக்கல் என்று நான் விளக்கியதெல்லாம் எடுபடவில்லை. கடைசியில் அவர் தலைக்கு மேலே இருந்த மாடியைக் காட்டினேன். கலெக்டர் அலுவலக லிஃப்ட்டுக்கு மாதா மாதம் ஆள் வந்து பார்க்கிறார், லிஃப்ட் நிற்காத மாதத்துக்கும் ஆண்டுப் பராமரிப்புத் தொகை போகிறது அல்லவா? கொஞ்ச நேரம் யோசித்தார். "ஏ.எம்.சி.ன்னு தலைப்புப் போட்டுக் கொண்டுவாங்க" என்றார். தலைப்பு மாறியது, கோப்பு நகர்ந்தது.

தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998 பற்றி அலுவலகங்களில் ஒரு பேச்சு உண்டு: குறைந்த விலைக்காரருக்குத்தான் கொடுக்க வேண்டும், கை கட்டியிருக்கிறது என்று. முழு உண்மை அல்ல. அளவிடக்கூடிய தகுதிகளை ஆவணத்திலேயே முன்கூட்டி எழுதிவைத்தால், அதற்குள் வருகிறவர்களில்தான் குறைந்த விலை பார்க்கப்படும். எழுதாமல் விட்டதைப் பின்னால் கேட்க முடியாது. முதல் முறை கை கட்டியிருந்ததற்குக் காரணம் சட்டம் அல்ல, நான் எழுதாமல் விட்ட பக்கங்கள்.

தகுதி ஓர் உறையிலும் விலை இன்னோர் உறையிலும் வரும் இரண்டு உறை முறையில் போனோம். தொழில்நுட்ப உறையில் கேட்டது: 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்கீழ் பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழிலுக்கான உரிமம், நடப்பில் இருப்பது. அந்த விதிகள் கேட்கும் தகுதியுள்ள ஆள், அதாவது வேளாண்மையிலோ வேதியியல் படித்த அறிவியலிலோ பட்டம், மைசூரு சி.எஃப்.டி.ஆர்.ஐ. (மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம்) போன்ற இடத்தில் குறைந்தது 15 நாள் பயிற்சி. அந்த ஆளே ஆய்வுக்கு வர வேண்டும், சான்றிதழை மட்டும் அனுப்பினால் போதாது. பழங்கட்டட அனுபவம் பத்து ஆண்டு என்று போடலாம் என்று ஒருவர் சொன்னார். போட்டிருந்தால் சென்னையிலிருந்து ஓரிருவர் மட்டும் வந்திருப்பார்கள், மாவட்டத்துக்காரர் ஒருவரும் தேறியிருக்க மாட்டார். அதற்குப் பதில், பின்கட்டில் பழுதான ஒரு சட்டத்தைக் கொடுத்து எங்கள் முன்னால் அரை நாள் மாதிரிப் பணி செய்யச் சொன்னோம். தேர்ச்சிக்கான அளவுகோலையும் ஆவணத்தில் எழுதினோம்.

செய்யக்கூடாதவற்றின் பட்டியல் செய்ய வேண்டியதைவிட நீளமாக இருந்தது. சுவரிலும் தரையிலும் துளை கூடாது. சிமென்ட் உள்ளே வரவே கூடாது. சுண்ணாம்புப் பூச்சின்மேல் தெளிப்பு கூடாது. கிணற்றுப் பக்கத்து மண்ணில் மருந்து எதுவும் கூடாது. கலப்பதும் கழுவுவதும் வளாகத்துக்கு வெளியே, அதுவும் கடல் பக்கம் அல்ல, ஏனென்றால் குளோர்பைரிபாஸ் வகை மருந்து மீனுக்கும் இறாலுக்கும் கொடியது. டப்பா முத்திரையை எங்கள் முன்னால் உடைக்க வேண்டும், தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் பதிவேட்டில் ஏற வேண்டும், காலி டப்பா திரும்பிப் போக வேண்டும். இங்கே பூச்சிமருந்து டப்பாவைக் கழுவித் தண்ணீர் பிடிக்கிற பழக்கம் இன்னும் இருக்கிறது. அதனால்தான் கடைசி வரி.

மூன்று பேர் போட்டார்கள். ஒருவர் கட்டடம் முழுக்கப் புகைமூட்டம் போடலாம், ஒரே நாளில் எல்லாம் செத்துவிடும் என்றார். கேட்க நன்றாக இருந்தது. ஆனால் மெத்தில் புரோமைடும் அலுமினியம் பாஸ்பைடும் தனி அனுமதி உள்ளவர்கள் மட்டும் கையாளக்கூடிய சரக்கு. பாஸ்பைடிலிருந்து கிளம்பும் பாஸ்பீன் வாயு செம்பையும் பித்தளையையும் கறுத்து அரிக்கும், மின்கம்பியும் அதில் அடங்கும். எல்லாவற்றுக்கும் மேலே, இந்தக் கடற்காற்றில் ஓட்டுக்கூரைக்குத் தார்ப்பாய் கட்டிக் காற்றுப் புகாமல் நிறுத்திக் காட்டட்டும், பார்க்கலாம். பக்கத்திலேயே குடியிருப்பு வேறு. அவர் மாதிரிப் பணிக்கே வரவில்லை.

தேறிய இருவரில் குறைந்த விலைக்காரர் யார் என்று பார்த்தால், முதல் ஒப்பந்தம் செய்த அதே ஆள். அலுவலகத்தில் முகம் சுளித்தார்கள். எனக்கு அதில் தயக்கம் இல்லை. ஈசல் விஷயத்தில் சரியாகச் சொன்னவர் அவர்தான்.

உத்தரங்களில் செய்த வேலை மிக மெதுவானது. பூச்சி ஏற்கெனவே போட்ட துளையைத் தேடி, அதன் வழியே வெண்காரமும் போரிக் அமிலமும் கலந்த கரைசலை ஊசியால் ஏற்றுவது. உத்தரத்தின் நடுவைவிட, சுவருக்குள் உட்காரும் முனைதான் முக்கியம். அங்கேதான் காற்றுப் படாது, அங்கேதான் பாரம் இறங்குகிறது. தட்டிப் பார்த்துச் சத்தத்தில் பொந்தைக் கண்டுபிடிக்க ஒரு வயதான ஆசாரியைக் கூட்டிவந்தார்கள். உளியின் பின்முனையால் தட்டி, காதை வைத்துக் கேட்டு, சாக்குக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டே போனார். பூச்சிக் கட்டுப்பாட்டு ஊழியர்கள் "அண்ணே, இங்கயா?" என்று கேட்டுக் கேட்டு ஊசி போட்டார்கள். இந்தக் கரைசலில் உள்ள போரான் உப்பு தண்ணீரில் கரைந்து போய்விடும், மழை படும் மரத்துக்கு ஆகாது. கூரைக்குள் காய்ந்து கிடக்கும் உத்தரத்துக்கு ஆகும். இரண்டு உத்தரங்களைக் காப்பாற்ற முடியவில்லை. பழையதை எடுக்காமல், பக்கத்திலேயே வைரத் தேக்கை இணைத்துப் பாரத்தை அதற்கு மாற்றினோம். உளுத்த பலகையைக் கழற்றி எரித்தாயிற்று.

புறாவுக்குச் சாளரங்களில் வலை. பின்னறை வௌவால்களைக் குட்டி பறக்கும்வரை விட்டுவிட்டு, பிறகு ஒரு மாலை எல்லாம் வெளியேறியதும் சந்துகளை அடைத்தோம்.

இரண்டு மழைக்குப் பிறகு

மண்கோடு இருந்த மூன்று இடத்திலும் கொஞ்சம் உடைத்துத் தேதி எழுதிவைத்தோம். உயிருள்ள கூட்டம் என்றால் சில நாளில் திரும்பக் கட்டிவிடும். தூம்பு மூலையிலும் கழிப்பறைப் பக்கமும் கட்டவில்லை, மருந்து ஒரு சொட்டும் வைக்காமல். விறகு இருந்த இடத்தில் ஒருமுறை கட்டியது. போய்ப் பார்த்தால், விறகு திரும்ப வந்திருந்தது. யார் அடுக்கினார்கள் என்பதற்குப் பதில் கிடைக்கவில்லை.

உலர்மரக் கறையான் விஷயத்தில் அவசரப்பட முடியாது. பூச்சி செத்தபிறகும் பழைய பொந்தில் தங்கிய குருணை அதிர்வில் உதிரும். அதனால் 11 உத்தரத்துக்கும் கீழே தரையில் சாக்குக்கட்டி வட்டம், வாரம் ஒருமுறை பெருக்கி எவ்வளவு என்று குறிப்பு. முதல் மழைக்காலத்தில் நாலு வட்டத்தில் விழுந்தது, இரண்டாவதில் ஒன்றில். அந்த ஓர் உத்தரத்துக்கு மறுபடி ஊசி போட்டோம். வட்டமும் குறிப்பும் காவலாளியின் பொறுப்பு. அவருக்கு அதற்காக மாதம் ஒரு சிறு தொகை ஒப்பந்தத்திலேயே வருகிறது. ஆவணத்தில் அவர் "உள்ளூர்க் கண்காணிப்பாளர்". அந்தப் பதவியைச் சொல்லி அவர் மனைவி அவரைக் கிண்டல் செய்கிறார்.

கிணறு இன்னும் மூடித்தான் இருக்கிறது. சுவரில் சுண்ணாம்பு வைத்த 66 இடமும் வெயிலில் சற்று வெளுப்பாகத் தெரிகிறது, தெரிந்தவர் கண்ணுக்கு மட்டும்.

போன மாதம் தணிக்கைக் குறிப்பு ஒன்று வந்தது. இரண்டு காலாண்டாக மருந்துச் செலவே காட்டப்படவில்லை, எனில் ஒப்பந்தக்காரருக்குக் கொடுத்த தொகையை ஏன் திரும்பப் பெறக்கூடாது என்று கேட்டிருக்கிறார்கள். லிஃப்ட் உதாரணத்தை எழுதி, காவலாளியின் நோட்டுப் புத்தகத்தை நகலெடுத்து இணைத்து அனுப்பியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.